மூசியில் ஏன் படகு இல்லை?

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி பையன் போன மாதம் சில படங்கள் அனுப்பியிருந்தான். ஊர்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து, குழந்தை குட்டிகளோடு, ஆளுக்கொரு கயாக், கேனோ என்று உள்ளூர் ஆற்றில் ஒரு நாள் முழுக்க மிதந்துகொண்டே போகிறார்கள். பெரிதாகத் துடுப்புப் போடக்கூட வேண்டாமாம், ஆறே இழுத்துக்கொண்டு போகுமாம். என் பெண் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, நம்ம மூசில இந்த மாதிரி போக முடியாதா?" என்றாள். தங்கமணி சமையலறையிலிருந்தே சிரித்தார். ஹைதராபாத்தில் ஒரு வருடம் குப்பை கொட்டியவர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் தெரியும். சாதர்காட் பாலம் வந்தால் கை தானாகக் கார் கண்ணாடியை ஏற்றிவிடும்.

ஆனால் கேள்வி நியாயமானது. விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலையில் பிறந்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நல்கொண்டா மாவட்டம் வாடப்பள்ளியில் கிருஷ்ணாவில் கலக்கிற ஆறு இது. கோல்கொண்டா கோட்டைக்குள் இடமும் தண்ணீரும் போதாமல் 1591-ல் முகமது குலி குதுப் ஷா புது ஊர் கட்டியதே இதன் தென்கரையில்தான். அதற்கு முன்பே 1578-ல் ஆற்றின் குறுக்கே புரானாபுல் வந்துவிட்டது. குலி தன் காதலி பாக்மதியைப் பார்க்க வெள்ளத்தில் குதிரையை இறக்கினான், பதறிப்போன அப்பா பாலம் கட்டிக் கொடுத்தார் என்று கதை சொல்வார்கள். பாலம் கட்டியபோது பையனுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான். கொஞ்சம் முன்கூட்டியே பிஞ்சில் பழுத்திருக்க வேண்டும் :-) பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்த பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே, பாரிஸ் நகரத்துப் போன்நெஃப் பாலத்துக்கு இது அழகில் அதிகம் குறைந்ததல்ல என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்.

சரி, அந்த ஆறு எங்கே போயிற்று? பதிலைத் தேட 1908 செப்டம்பர் 28-க்குப் போகவேண்டும்.

அந்த வாரம் மூசியின் மேல்பகுதியில் பேய்மழை. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் சதுர மைலுக்கு ஒன்று என்கிற கணக்கில் எழுநூற்றுச் சொச்சம் ஏரிகள் இருந்தன. நம்மூர் ஏரிச் சங்கிலி மாதிரிதான், ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். அவற்றில் இருநூறுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. மேலே உள்ள ஏரி உடைந்தால் கீழே உள்ளது தாங்குமா? மழைநீரோடு ஏரித்தண்ணீரும் சேர்ந்து ஊருக்குள் வந்தது. அஃப்சல், முசல்லம் ஜங், சாதர்காட் பாலங்கள் போயின. அடிபட்டும் நின்றது முன்னூறு வயதைத் தாண்டியிருந்த புரானாபுல் மட்டும். இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வீடிழந்தவர்கள் 80,000 பேர்.

அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் ஒரு புளியமரம். அதில் ஏறிக்கொண்ட 150 பேர் பிழைத்தார்கள். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அந்த மரம் இருக்கிறது. செப்டம்பர் 28 அன்று அதன் அடியில் கூடி அஞ்சலி செலுத்துகிறவர்கள் உண்டு. புளியமரத்தில் பேய் இருக்கும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, ஒரு புளியமரத்தைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிற இடம் அது.

பிழைத்தவர்களில் ஒருவர் உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி. அம்மா, மனைவி, மகள் மூவரும் அவர் கண் முன்னாலேயே அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர் மட்டும் கரை ஒதுங்கினார். பிறகு ருபாயி எழுதுவதில் பெரும்பெயர் பெற்றார். இதைத் தெரிந்துகொண்டபின், மூசியை வெறும் சாக்கடை என்று என்னால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிவதில்லை.

ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அரண்மனைகளை மக்களுக்குத் திறந்துவிட்டார். ஆற்றுத் தாய்க்குச் சீர் வைத்துப் பூஜை செய்தார் என்றும் சொல்வார்கள். பூஜையோடு நிற்காமல் ஓர் இன்ஜினியரையும் தேடினார். அப்போது பம்பாய் அரசு வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்த விஸ்வேஸ்வரய்யாதான் அவர். (நமக்கு விஸ்வேஸ்வரய்யா என்றால் கே.ஆர்.எஸ். அணை, கே.ஆர்.எஸ். என்றால் காவிரிப் பஞ்சாயத்து. அதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம்.) 1909-ல் வந்து மழைக்கணக்கு, ஏரிக்கணக்கு எல்லாம் எடுத்து அவர் சொன்ன வழி எளிமையானது: ஊருக்கு மேலே மூசியிலும், அதன் துணையாறு ஈசியிலும் ஒவ்வொரு அணை கட்டி வெள்ளத்தை அங்கேயே பிடித்து வையுங்கள், மெதுவாக விடுங்கள். கூடவே நகரத்துக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டமும் போட்டுக் கொடுத்தார். மூசியில் உஸ்மான் சாகர் 1920-லும், ஈசியில் ஹிமாயத் சாகர் 1927-லும் முடிந்தன. கரையோரம் தோட்டங்கள், உயர்நீதிமன்றம், ஆஸ்பத்திரி என்று அழகாகவும் கட்டினார்கள்.

உஸ்மான் சாகருக்கு இன்னொரு பெயர் கண்டிபேட். 'கண்டிபேட் தண்ணி குடிச்சவன் இந்த ஊரை விட்டுப் போகமாட்டான்' என்று இங்கே ஒரு வழக்கு. இரண்டு வருடம் என்று வந்து, வீட்டுக் கடனும் வாங்கி உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் தெரியும் :-) அந்தத் தண்ணீர் மூசியுடையது. வெள்ளத்தைத் தடுக்கப் பிறந்த ஏரி ஊருக்குக் குடிநீரும் ஆனது. அப்புறம் மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி என்று எங்கெங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். வந்ததெல்லாம் நம் வீட்டுக் குழாய் வழியாகப் போய் எங்கே சேரும்? மூசியில்தான். ஆக, ஆற்றின் சொந்தத் தண்ணீர் மேலே பூட்டப்பட்டது. ஊருக்குள் ஓடுவது பெரும்பாலும் நாம் கழுவிவிட்டது. கீழே உப்பல் தாண்டிப் போனால் இந்த நீரில்தான் மாட்டுக்குப் பாரா புல் வளர்க்கிறார்கள். அந்தப் புல் பாலாகி நம்மிடமே வருகிறது.

விஸ்வேஸ்வரய்யாவைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பிணங்களைப் பார்த்த ஊர், ஆற்றைக் கட்டிப் போடத்தான் கேட்கும். சாக்கடைத் திட்டமும் அதே மனிதர்தான் தந்தார். ஊர் வளர்ந்த வேகத்துக்கு அதை நீட்டிக்கொண்டே போகாதது பின்னால் வந்தவர்களின் பொறுப்பு. அணைகளைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தி 1996-ல் அரசாணை 111 போட்டார்கள். அதைத் தளர்த்த 2022-ல் அரசாணை 69 வந்துவிட்டது.

படகுக்கு வருவோம். ஹைதராபாத்தில் பாய்மரப் படகு இருக்கிறது, ஹுசைன் சாகரில். அதுவும் மூசியின் ஒரு கிளை ஓடையை மறித்து 1560களில் கட்டியதுதான். அங்கே வருடாவருடம் போட்டிகள் நடக்கின்றன. ஆற்றில் மட்டும் கிடையாது. சென்னையை நினைத்தால் கொஞ்சம் பொறாமை. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இன்னும் அடையாற்றில் துடுப்புப் போடுகிறது. கூவத்தில்கூட 1970களின் தொடக்கத்தில் துறைகள் கட்டி, அவற்றுக்குக் கடையெழு வள்ளல்கள் பெயர் வைத்துப் படகு விட்டார்கள். பாரி, ஓரி, காரி என்று. தேருக்குப் பதில் படகு கொடுத்தார்கள் போல. அது நீடிக்கவில்லை.

மூசிக்கு நான் பொருத்தமாக நினைப்பது லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றை. அதுவும் 1938-ல் பெருவெள்ளம் வந்தபின் சிமெண்ட் கால்வாயாக மாற்றப்பட்ட ஆறு. படகு போகக்கூடிய ஆறு என்று நிரூபித்தால்தான் முழு ஆற்றுக்கும் அமெரிக்கத் தூய்மை நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பு உறுதி என்கிற நிலைமை வந்தபோது, 2008-ல் சிலர் சேர்ந்து கயாக்கிலும் கேனோவிலும் அதன் முழு நீளமும், 51 மைல், மூன்று நாளில் போய்க் காட்டினார்கள். வேலைக்கு உலை வைக்கக்கூடிய காரியம், ஆனாலும் ஒரு அரசாங்க உயிரியலாளரும் கூடப் போனார். 2010-ல் மத்திய சுற்றுச்சூழல் முகமை முழு ஆற்றையும் படகு செல்லத்தக்கது என்று அறிவித்தது. பொழுதுபோக்குக்கு மிதப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

மூசியில் அப்படி ஒருவர் இறங்கினால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டியிருக்கும். ஆற்றங்கரை மேம்பாட்டுக்கென்று 2017-ல் தனி நிறுவனம் அமைத்தார்கள். 2024-ல் திட்டம் சூடுபிடித்தபோது கரையோர வீடுகளில் இடிப்பதற்கான குறி போட்டார்கள், மக்கள் தெருவுக்கு வந்தார்கள். படகு விடும் ஆறு வேண்டும் என்று ஆசைப்படும் நான், அந்த வீட்டுக்காரர்களை எங்கே போகச் சொல்வது என்பதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

அணைக் கதவுகளைத் திறக்கிற சில நாட்களில் மட்டும் மூசி தன் முகத்தைக் காட்டும். 2020 அக்டோபரில் காட்டியது. 2025 செப்டம்பர் கடைசியில் இம்லிபன் பேருந்து நிலையத்துக்குள்ளேயே வந்தது. அந்த நிலையம் இருப்பது ஆற்றின் நடுவே, தீவு மாதிரியான இடத்தில். இம்லிபன் என்றால் புளியந்தோப்பு. அடுத்த முறை அங்கே பஸ் பிடிக்கப் போனால், அரைமணி முன்னதாகக் கிளம்பி அஃப்சல்கஞ்ச் பக்கம் உஸ்மானியா வளாகத்துக்குள் ஒரு எட்டு வைத்து அந்த மரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். கேட்டால் யாராவது வழி சொல்வார்கள்.