இயற்கைத் தேர்வும் சராசரித் தகுதியும்

படிவளர்ச்சி உயிரியலில் சராசரித் தகுதி என்பது, ஓர் உயிரினத் தொகையைச் சேர்ந்த தனியன்கள் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் வழித்தோன்றல்களின் சராசரி அளவாகும். இங்கு தகுதி என்ற சொல் வலிமையையோ மேன்மையையோ சுட்டுவதில்லை. குறிப்பிட்ட ஒரு சூழலில் பிழைத்து இனம்பெருக்கும் திறனை மட்டுமே சுட்டுகிறது. மரபுவழி வேறுபாடு இருக்கும் வரை இயற்கைத் தேர்வு இச்சராசரியை உயர்த்த முனைகிறது. நாகப்பட்டினம் உள்ளிட்ட காவிரிப் படுகையில் நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கணக்கீடு

ஒரு தொகையில் நூற்றுக்கு ஒன்று மட்டும் தகுதி 1 உடையது, ஏனையவை தகுதி 0.5 உடையவை எனக் கொள்வோம். தொடக்கச் சராசரி 0.505. முதல் தலைமுறைக்குப் பின் இது 0.51 ஆகவே இருக்கும். மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஏழு தலைமுறையில் சராசரி 0.78 ஐயும், பத்துத் தலைமுறையில் 0.95 ஐயும் தாண்டிவிடும். இரு வகைகளும் ஏறத்தாழச் சம அளவில் கலந்திருக்கும்போதே உயர்வு மிக விரைவாக நிகழும். ஒரு வகை அற்றுப்போகும்போது வேறுபாடும் தீர்ந்துவிடுவதால் உயர்வு நின்றுவிடும்.

தகுதி உயரும் வேகம் அத்தொகையில் அப்போதுள்ள தகுதி சார்ந்த மரபு வேறுபாட்டுக்குச் சமம் என்று 1930 இல் ரொனால்ட் பிசர் கூறினார். இத்தேற்றம் நெடுங்காலம் தவறாகவே படிக்கப்பட்டது. அது மொத்த மாற்றத்தை அன்றி, தேர்வினால் விளையும் பகுதியை மட்டுமே குறிக்கிறது என்பதை 1972 இல் ஜார்ஜ் பிரைஸ் தெளிவாக்கினார். சூழல் மோசமடைவதால் ஏற்படும் சரிவு தனிக் கணக்கு.

புகையானும் நெல் வகைகளும்

புகையான் தூர்களின் அடிப்பகுதியில் கூட்டமாகத் தங்கிச் சாற்றை உறிஞ்சும். தாக்கப்பட்ட வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து காணப்படும்; கதிர் வந்த பின் தாக்கினால் மணிகள் பதராகும். வெப்பமான பகுதிகளில் ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு மாதமே ஆகும். ஆகவே குறுவை, தாளடி என அடுத்தடுத்து நெல் நிற்கும் படுகையில் சில ஆண்டுகளிலேயே பல தலைமுறைகள் கடந்துவிடும்.

பிலிப்பீன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1973 இல் ஐ.ஆர். 26 என்ற எதிர்ப்பு வகையை வெளியிட்டது. அதனை உண்ண இயலாத பூச்சிகள் பெருகவில்லை. பூச்சித் தொகையின் சராசரித் தகுதி வீழ்ந்தது. உண்ண இயன்ற சிலவற்றின் வழித்தோன்றல்களோ சில ஆண்டுகளில் வயல்களை நிறைத்தன. வேறு மரபணுவுடன் 1976 இல் ஐ.ஆர். 36 உம், பின்னர் 1982 இல் ஐ.ஆர். 56 உம் வெளிவந்தன. ஒவ்வொரு முறையும் பூச்சிக்கு முதலில் சரிவு, பின்னர் மீட்சி. எனவே பல பத்தாண்டுகளாகத் தேர்வு ஓயாமல் நிகழ்ந்தும், பூச்சியின் சராசரித் தகுதி படிப்படியாகக் குவிந்து உயரவில்லை, இழந்ததையே மீட்டுக்கொண்டிருந்தது.

இந்திய, இலங்கைப் புகையானிடம் ஐ.ஆர். 26 இன் எதிர்ப்பு தொடக்கத்திலேயே பலிக்கவில்லை. இரண்டாம் எதிர்ப்பு மரபணு அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி. 7 வகையில் கண்டறியப்பட்டதாயினும், அதுவும் இங்குள்ள பூச்சியைத் தடுக்கவில்லை என்பது வியப்புக்குரியது. கேரளத்தின் பட்டாம்பியைச் சேர்ந்த பி.டி.பி. 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி ஆகியவை ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் உடையவை. அவை நெடுங்காலம் தாக்குப்பிடித்தன.

பூச்சிக்கொல்லிகள்

மருந்துகளும் இதே வகையான தேர்வையே நிகழ்த்துகின்றன. பெரிதும் நம்பப்பட்ட இமிடாகுளோபிரிட் மருந்துக்கு ஆசியப் புகையான் தொகைகளில் எதிர்ப்புத்திறன் 2003 முதல் காணப்பட்டது. செயற்கைப் பைரித்திராய்டுகள் சிலந்தி முதலான இயற்கை எதிரிகளையும் கொல்வதால், தெளித்த பின் புகையான் முன்னிலும் மிகுதியாகப் பெருகுவதுண்டு. இதனாலேயே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நடுதல், நீரை அவ்வப்போது வடித்தல், தழைச்சத்தை மிகுதியாக இடாதிருத்தல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. தனியொரு மரபணுவோ மருந்தோ தரும் கடுமையான தேர்வு இவற்றில் இல்லாததால், இவற்றை முறியடிக்கும் பூச்சி வகை எளிதில் தோன்றுவதில்லை.