நல்ல மேய்ப்பன்

நல்ல மேய்ப்பன் (நல்லாயன்): கடவுளையும் இயேசு கிறிஸ்துவையும் ஆடு மேய்ப்பவராகக் காணும் கிறிஸ்தவ உருவகம். இதை வெறும் கனிவின் சித்திரமாகக் கொள்வது பாதிப் பார்வையே. பண்டை மேற்காசியாவில் மேய்ப்பன் என்பது அரசனுக்குரிய பட்டம். பாபிலோன் மன்னன் ஹம்முராபி தன் சட்டத்தொகுப்பின் முன்னுரையில் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொண்டான். அதே பட்டத்தை வைத்தே விவிலியத்தின் எசேக்கியேல் நூலின் 34-ஆம் அதிகாரம் இஸ்ரவேலின் ஆட்சியாளர்களைக் குற்றம் சாட்டுகிறது: கொழுத்ததை அடித்துத் தின்றார்கள், நலிந்ததைத் தேற்றவில்லை, ஆகவே மந்தையை இனிக் கடவுளே மேய்ப்பார். யோவான் நற்செய்தியின் 10-ஆம் அதிகாரம் இதன் தொடர்ச்சி. ஓநாய் வரும்போது கூலியாள் ஓடிவிடுகிறான். மேய்ப்பன் உயிரைக் கொடுக்கிறான்.

சிரியாவின் துரா யூரோப்போஸில், 3-ஆம் நூற்றாண்டு வீட்டுத் தேவாலயத்தின் திருமுழுக்குத் தொட்டிக்கு மேலே, ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன் தீட்டப்பட்டிருந்தான்; அருகே அவன் மந்தை. கிரேக்கக் கடவுள் ஹெர்மெஸின் சிலையின் நகல் இது என்பார்கள். வடிவம் கடனாக வந்திருக்கலாம். பொருளோ லூக்கா நற்செய்தியில், நூற்றில் தொலைந்த ஒன்றைத் தேடிப் போனவனுடையது. மனிதரை ஆடுகளாக்குவது கண்மூடிப் பணிவைக் கேட்பதாகாதா என்ற கேள்வி இன்னும் கனமானது. ஆனால் யோவானின் ஆடுகள் குரலை அடையாளம் காண்பவை; அந்நியன் அழைத்தால் விலகி ஓடுபவை. கணக்குக் கேட்கப்படுவதும் மந்தையிடம் அல்ல, மேய்ப்பனிடம். தமிழ்க் கத்தோலிக்கர் மறைமாவட்டத் தலைவரை ‘ஆயர்’ என்கிறார்கள். எசேக்கியேலின் கேள்விகள் அந்தப் பதவிக்கும் உரியவை.