மூச்சும் உழைப்பும்: கொப்பன்ஹேகன், 1952

சிறுவருக்கான அவசர சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1928இல் பிலிப் டிறிங்கரும் லூயி ஷோவும் அமைத்த ‘இரும்பு நுரையீரல்’ பொஸ்ரன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலாகப் பயன்பட்டது. அதிலிருந்து இன்றைய செயற்கைச் சுவாசப் பொறி வரை ஒரே நேர்கோடாக வளர்ச்சி காட்டப்படுகிறது. அக்கோட்டின் நடுவே 1952இல் ஒரு முறிவு உண்டு. அதனையே நாம் இங்கு நோக்க விழைகிறோம்.

அவ்வாண்டுக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் வைத்தியசாலைக்குச் சில நாள்களில் ஐம்பது பேர் வரை கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் சிறுவர். அங்கிருந்தனவோ ஓர் இரும்பு நுரையீரலும் மார்பினைக் கவிந்து இயங்கும் ஆறு சிறு கருவிகளுமே. ஓகஸ்ட் மாதத்தின் முதல் மூன்று வாரங்களிற் கருவித் துணையுடன் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டனர்.

நோயனைத்தும் வறுமையின் விளைவே என்னும் எளிய வாய்பாடு இங்குப் பொருந்தாது என்பதையும் கூறிவைத்தல் வேண்டும். தூய நீரும் சுகாதார வசதியும் பெருகிய சமுதாயங்களில், தாய்வழி வந்த எதிர்ப்பாற்றல் நீங்கிய பின்னரே பிள்ளைகள் இக்கிருமியைச் சந்தித்தனர். முடக்கமும் அங்கேயே கடுமையாயிற்று. முன்னேற்றம் தன் முரண்பாட்டையும் உடன் சுமந்து வந்தது.

தலைமை வைத்தியர் லாசென், தயக்கத்துடனேயே, மயக்கமருந்து நிபுணரான பியோண் இப்சனை அழைத்தார் (நாடக மாணவர் அறிந்த நோர்வே நாட்டு இப்சன் அல்லர்). நோயாளரின் குருதியில் மிகுந்திருந்த பைகாபனேற்றை ஏனையோர் காரத்தன்மையின் அடையாளமெனக் கொண்டிருந்தனர். வெளியேறாது தேங்கிய காபனீரொட்சைட்டின் விளைவே அது என இப்சன் கண்டார். கருவி இருந்தும் மூச்சுப் போதாமலே பிள்ளைகள் இறந்தனர் என்பதே இதன் பொருள். ஓகஸ்ட் 27ஆந் திகதி, இறக்குந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலைத் துளைத்துக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அழுத்திக் காற்றூட்டினர். அவள் பிழைத்தாள்.

பை மலிவானது. அதனை இரவும் பகலும், வாரக்கணக்கில், அழுத்தும் கைகளே அரியன. ஏறத்தாழ 1500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இப்பணியினை ஏற்றனர். ஒரே வேளையில் எழுபது பேர் வரை இவ்வாறு மூச்சுப் பெற்றனர். மொத்த உழைப்பு 165,000 மணித்தியாலங்கள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பேச இயலாத பிள்ளைகளின் கண்சாடையை மாணவர் வாசிக்கப் பழகினர்; அவர்களுக்குக் கதை படித்தனர்; உடன் விளையாடினர். இறப்பு வீதம் முன்னிருந்ததிற் பாதியளவுக்கு வீழ்ந்தது; பின்னர் மேலுங் குறைந்தது.

இக்கைகளின் வேலையையே பின்னர் எங்ஸ்ட்ரம் பொறி போன்றவை ஏற்றன. பொறியினை உறைந்த உழைப்பாக மார்க்ஸ் கண்டமை இவ்விடத்து வெறும் உருவகமன்று. 1953இல் இப்சன் கொப்பன்ஹேகனிலே தீவிர சிகிச்சைப் பிரிவொன்றை நிறுவினார். 1955இற் சுவீடனின் கொத்தன்பேர்க் நகரில் கோரன் ஹாக்லுண்ட் சிறுவருக்கெனவே ஒன்றை அமைத்தார். அம்மாணவருட் பெரும்பாலோரோ நூல்களில் ஓர் எண்ணிக்கையாகவே எஞ்சியுள்ளனர்.

பொறி போதாத இந்தியப் பொது வைத்தியசாலைகள் சிலவற்றில் அண்மைக் காலத்திலும் நோயாளரின் உறவினரே பையை அழுத்த நேர்ந்துள்ளது. அங்கு அடுத்த முறைக்கு வந்து நிற்க 1500 பேர் இல்லை. தாய் களைத்தால் தந்தை, தந்தை களைத்தால் மீண்டுந் தாய்.