மேசைக்கு வந்த பந்தி

கலியாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது மேசைகள்தான். பத்துப் பேர் இருக்கக்கூடிய வட்ட மேசை, நிலம் தொடும் வெள்ளைத் துணி, கதிரைகளின் முதுகில் கட்டிய றிபன், நடுவில் ஒரு பூச்சாடி. போன வருடம் எங்கள் குழுவில் ஒருத்தியின் அக்காவுக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம். மேசைச் சோடனையை நாங்கள் பாக்கிறம் எண்டு கேட்டு வாங்கினோம். றிபன் நாவல் நிறமா பொன் நிறமா என்று இரண்டு நாள் சண்டை. அதற்குப் பிறகுதான் ஆர் எந்த மேசை என்ற பட்டியலைக் கையில் எடுத்தோம்.

கடைசி மேசை கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில். மற்ற மேசைகளுக்கெல்லாம் பெயர்கள் எழுதியிருந்தன. அதற்கு மட்டும் "அவையள்" என்று ஒரு சொல்.

"ஆர் அன்ரி அவையள்?"

"எங்கட வீட்டுக்கு வேலைக்கு வாறவை பிள்ளையள். அவையளுக்கும் அங்க இருந்தாத்தான் வசதி."

அந்த "வசதி" எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் போனோம்.

மேசையும் கதிரையும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் 1658இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போனது, சொற்கள் தங்கிவிட்டன. ஆனால் கலியாணச் சாப்பாடு அதற்குப் பிறகும் நீண்டகாலம் நிலத்தில்தான் நடந்தது. பந்திப்பாயை விரித்து, வாழையிலை போட்டு, வரிசையாக இருந்து சாப்பிடுவார்கள்.

பந்தி என்றால் வரிசை. ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவது அவரைச் சமனாக ஏற்றுக்கொள்வது. அதனால்தான் ஆர் பந்திக்குள், ஆர் வெளியே என்பது பெரிய விசயமானது. கலியாண வேலைகளைச் செய்த குடிமைச் சாதியினருக்குக் கடைசியில், வளவுக்குள் தனியாகச் சாப்பாடு. இல்லாவிட்டால் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

சோடனைக்கும் இதே கதைதான். இன்று மண்டபக் கூரையில் துணி கட்ட ஒரு கூட்டம் லொறியில் வருகிறது. முன்பு பந்தலுக்குள் வெள்ளை கட்டுவது சலவைத் தொழிலாளரின் குடிமை வேலை. வெள்ளை இல்லாமல் கலியாண வீடு இல்லை. ஆனால் அந்த வெள்ளையைக் கட்டியவருக்கு அதன் கீழே விரித்த பந்தியில் இடமில்லை.

இதை எதிர்த்தவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தது, சமபந்திப் போசனத்தை முன்வைத்தது. ஹண்டி பேரின்பநாயகமும் கூட நின்றவர்களும் அப்போது எங்கள் வயதுக்காரர்தான். அரச உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற உத்தரவு 1930ஐ ஒட்டி வந்தபோது, அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கூடங்களை எரித்தார்கள். நிலத்தில் இருந்த பிள்ளை வாங்கில் ஏறி இருந்ததற்கு நெருப்பு!

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் தேநீர்க் கடைகள் மாறவில்லை. உள்ளே மேசையும் கதிரையும் இருக்க, ஒடுக்கப்பட்ட மக்கள் வெளியே நின்று, இல்லாவிட்டால் நிலத்தில் இருந்து, பேணியிலும் போத்தலிலும் வாங்கிக் குடிக்கவேண்டும். 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டபோது பொலிஸ் தாக்கியது. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானை போன்ற இடங்களில் தேநீர்க் கடைக்குள் போய் இருப்பதற்காக நடந்த போராட்டங்களில் உயிர்களும் போயின. அவர்கள் கேட்டது ஒரு கதிரையையும் எல்லாரும் குடிக்கும் அதே கிளாசையும்தான்.

கடையைச் சட்டத்தாலும் போராட்டத்தாலும் திறக்கலாம். கலியாணவீடு வேறு. ஆரைக் கூப்பிடுவது, எங்கே இருத்துவது என்பதெல்லாம் வீட்டுக்காரரின் விருப்பம். மேசை அந்த விருப்பத்துக்குள்தான் வந்து சேர்ந்தது. முதலில் சனசமூக நிலையத்து மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே கடதாசி விரித்தார்கள். எங்கள் பெற்றோர் சிலரின் கலியாணம் 1990களில், பொருளாதாரத் தடைக்குள் நடந்தது. சோடனை எல்லாம் நிறைகுடம் வைத்த ஒரு மேசையோடு முடிந்ததாம். போர் முடிந்தபின் மண்டபங்கள் பெருகின. வெளிநாட்டுக் காசு வந்தது, வட்ட மேசையும் வந்தது.

வட்ட மேசைக்குத் தலைமாடு கால்மாடு இல்லை, எல்லாரும் சமன் என்று நினைப்போம். ஆனால் அந்த வட்டத்துக்குள் பத்துப் பேரைப் பொறுக்கி எடுக்கவேண்டும். மேடைக்குக் கிட்ட வெளிநாட்டுச் சொந்தங்கள், அடுத்து டொக்டர், என்ஜினியர் ஆக்கள், பிறகு ஊர்ச்சனம், கடைசியில் "அவையள்". முன்பு பந்தி பந்தியாக நேரத்தால் பிரித்ததை இன்று மேசை மேசையாகத் தூரத்தால் பிரிக்கிறோம். புஃபே வந்ததோடு இதெல்லாம் போய்விட்டது என்பவர்களும் உண்டு. கோப்பையை எடுத்துக்கொண்டு எங்கே போய் இருக்கிறார்கள் என்று ஒருக்கால் பாருங்கோ.

நாங்கள் அந்தக் கடைசி மேசையை எடுத்துவிட்டோம். இருக்க வேண்டியவர்களை மற்ற மேசைகளில் பெயர் எழுதிச் சேர்த்தோம். அன்ரி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் எங்களோடு சரியாகக் கதைக்கவும் இல்லை. கலியாணத்தன்று, மணப்பெண்ணைச் சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கிய ஐயா ஆறாவது மேசையில், கதிரையின் நுனியில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் "ஒருக்கா வாறம்" என்று எழும்பிப் போனார்கள். திரும்பி வரவில்லை.

ஐயா அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்தார். நாங்கள் போய் அந்த இரண்டு கதிரைகளிலும் இருந்தோம்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்களில் ஒருவரின் மாமா. இன்னும் அவரோடு இதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்கத்தான் வேண்டும். உங்கள் வீட்டிலும் கலியாணம் வரும், மேசைச் சோடனையும் உங்கள் தலையில்தான் விழும். முதலில் பட்டியலைக் கேட்டு வாங்குங்கோ. றிபன் என்ன நிறம் என்பதைப் பிறகு பார்க்கலாம்.