வேலை குடுத்தாத்தான் காசு!

"இத்தனை பேருக்கு வேலை தர்றேன்"னு ஒரு கம்பெனி சொன்ன உடனே அரசாங்கம் கஜானாவைத் திறந்துடலாமா மக்களே?

2017-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு ஃபாக்ஸ்கான் வந்தது. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல இருக்கிற அதே தைவான் கம்பெனிதான். எல்சிடி ஆலை, 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று வாக்குறுதி. பதிலுக்கு மாநில அரசு சுமார் 300 கோடி டாலர் சலுகை தருவதாக ஒப்பந்தம்.

ஆனா அதுல ஒரு உருப்படியான ஷரத்து இருந்தது. முதல்ல ஆள் எடு, அப்புறம் காசு. எங்க ஐ.டி. பாஷையில சொன்னா, மைல்ஸ்டோன் முடிச்சாத்தான் பில்! 2018-க்குள் குறைந்தது 260 வேலை வேணும். கம்பெனி காட்டியது 178. அரசு சரிபார்த்ததில் தேறியது 113. அந்த வருஷச் சலுகை பூஜ்யம். 2019 கணக்குக்கும் பைசா பேரவில்லை. 2021-இல் ஒப்பந்தத்தையே சுருக்கினார்கள்: 1,454 வேலை, அதிகபட்சம் 8 கோடி டாலர்.

அப்போ மக்கள் பணம் தப்பிச்சுதா? பாதிதான். மவுண்ட் ப்ளெசன்ட் என்ற அந்த ஊர், நிலத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கடன் வாங்கி முன்னாடியே செலவழித்திருந்தது. பல குடும்பங்கள் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயின. ஊருக்குக் கம்பெனி சொத்துவரிக்கு உத்தரவாதம் தந்தது, வேலைக்குத் தரவில்லை.

சலுகைக்குப் போட்ட பூட்டை நிலத்துக்கும் போட்டிருக்கணும்ங்கறது என் கட்சி. கொடுக்காத சலுகை கஜானாவிலேயே இருக்கும். இடிச்ச வீடு திரும்பி வருமா, சொல்லுங்க?