வெளியூர் ஆட்டமும் குடும்ப நினைவும்: கால்பந்து வரலாற்றில் ஒரு சான்றுச் சிக்கல்

இங்கிலாந்தின் கால்பந்து பற்றிய தன்வரலாறுகளிலும் வாய்மொழிப் பதிவுகளிலும் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்றுண்டு. தந்தையோ தாத்தாவோ கையைப் பிடித்து அழைத்துச் செல்ல, ஒரு குழந்தை முதன்முறையாக வெளியூர் ஆட்டத்திற்குப் பயணிக்கிறது. ஆட்டத்தின் கோல் கணக்கை மறந்துவிட்டவர்கள்கூட ரயில் பெட்டியின் நெரிசலையும், குடுவையிலிருந்து ஊற்றிய தேநீரையும், அறியாத ஊரின் தெருக்களையும் நுணுக்கமாக விவரிக்கிறார்கள். கடந்தகால ஏக்கம் என்று இத்தகைய நினைவுகளை வரலாற்றாய்வில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த நினைவுகளே நீதிமன்றச் சான்றாக மாறிய ஒரு நிகழ்வு அந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் உள்ளது. அதைப் புரிந்துகொள்ள இப்பயணத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

வெளியூர் ஆட்டம் என்பது ரயிலும் தொழிற்சாலைச் சட்டமும் சேர்ந்து உருவாக்கிய வழக்கம். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை வேலை பிற்பகல் 2 மணியுடன் முடிய வேண்டும் என்றது. காலப்போக்கில் சனிக்கிழமைப் பிற்பகல் தொழிலாளர்களின் ஓய்வுநேரமாயிற்று. அந்த நேரத்தில்தான் கால்பந்து வேரூன்றியது. 1883இல் லங்காஷயரின் பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, மேட்டுக்குடிப் பள்ளியின் முன்னாள் மாணவர்களான ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அணியை லண்டனில் வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணிக்காக ரயிலேறி வந்த வடபுல ரசிகர்களின் உடையையும் பேச்சையும் தலைநகர் நாளேடொன்று காட்டுமிராண்டிக் கூட்டத்தை வர்ணிப்பதுபோல எழுதியது. வெளியூரிலிருந்து வரும் ரசிகர் நாகரிகமற்றவர், ஐயத்திற்குரியவர் என்ற பார்வை, வெளியூர்ப் பயணம் தொடங்கிய காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

1888இல் 12 அணிகளுடன் கால்பந்து லீக் தொடங்கியபோது அவை அனைத்தும் லங்காஷயரையும் மிட்லண்ட்ஸையும் சேர்ந்தவை. ஊர்களுக்கிடையே தொலைவு அதிகமில்லை. எனினும் சனிக்கிழமை காலை வேலையும் ரயில் கட்டணமும் பெரும்பாலான தொழிலாளர்களைச் சொந்த ஊர் மைதானத்தோடு கட்டிப்போட்டன. நெடுந்தொலைவுப் பயணம் கோப்பை ஆட்டங்களுக்கென்றே சேமிக்கப்பட்ட ஆடம்பரமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நிலை மாறியது. வாரம் இரண்டு நாள் விடுமுறை பரவியது. 1959இல் எம்1 நெடுஞ்சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. சொந்தக் கார்களும் ரசிகர் மன்றப் பேருந்துகளும் பெருகின. கால்பந்துக்கென்றே சிறப்பு ரயில்கள் ஓடின. குடும்பத்தோடு வெளியூர் செல்வது எளிய குடும்பங்களுக்கும் எட்டியது. சொந்த நாட்டின் பிற நகரங்களைக் கால்பந்தின் வழியாகவே முதலில் கண்ட தலைமுறை இவ்வாறு உருவாயிற்று.

இந்தத் தலைமுறையின் நினைவுகளில் கூட்டத்தின் மீதான நம்பிக்கை ஓர் அடிப்படைக் கூறு. பெரியவர்கள் சிறுவரைச் சுழல்வாயிலுக்கு மேலாகத் தூக்கி உள்ளே இறக்குவார்கள். நெரிசல் மிகும்போது முன்பின் அறியாதவர்கள் குழந்தைகளைத் தலைக்கு மேலாகக் கைமாற்றி முன்வரிசைக்குக் கொண்டுசேர்ப்பார்கள். நின்றபடி ஆட்டம் பார்த்த படிக்கட்டுகளில் குழந்தையின் பாதுகாப்பு, எழுதப்படாத இத்தகைய வழக்கங்களையே சார்ந்திருந்தது. அதன் வரம்பும் அவ்வப்போது வெளிப்பட்டது. 1946 மார்ச் 9 அன்று போல்டன் நகரின் பர்ண்டன் பார்க்கில் ஏற்பட்ட நெரிசலில் 33 பேர் இறந்தனர். ஒரு தந்தை தன் சிறு மகனை வெளியே அழைத்துச் செல்லப் பூட்டியிருந்த கதவைத் திறந்தார். அவ்வழியே வெளியிலிருந்தோர் மேலும் உள்ளே நுழைந்தனர். மகனைக் காக்க விரும்பிய தந்தை தவறு செய்தார் என்பதைவிட, வெளியேறும் வழியே இல்லாத மைதானத்தில் அவர் நின்றிருந்தார் என்பதே வரலாற்றாய்வுக்கு முக்கியம். அப்போது பரிந்துரைக்கப்பட்ட உரிமமுறைக்குச் சட்ட வடிவம் கிடைக்க, 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 66 பேர் இறந்தபின், 1975வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1970களில் ரசிகர் வன்முறை பெருகியது; அரசும் காவல்துறையும் வெளியூர் ரசிகர்களை ஓர் ஒழுங்குப் பிரச்சினையாகவே அணுகத் தொடங்கின. ரயில் நிலையத்திலிருந்து காவலர் சூழ அணிவகுத்துச் செல்வதும், உயர்ந்த இரும்பு வேலிகளுக்குள் அடைக்கப்படுவதும் வழக்கமாயின. அந்த வேலிகளுக்குள் குடும்பங்களும் நின்றன.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் அணிகளுக்கிடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி நடந்தது. வெளியில் நெரிசல் மிகுந்ததால் 2.52 மணிக்குக் காவல்துறை ஒரு வெளியேறு கதவைத் திறக்க உத்தரவிட்டது. ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதி அடைப்புகளுக்குச் செல்லும் சுரங்கவழி மூடப்படவில்லை. அதன் வழியே சென்றவர்கள் வேலிக்கும் கூட்டத்திற்கும் இடையே நசுங்கினர். இறந்தோர் மொத்தம் 97 பேர். அவர்களுள் ஒருவர் காயங்களின் விளைவால் 2021இல் காலமானார். இறந்தவர்களில் 37 பேர் பதின்ம வயதினர். மிக இளையவருக்கு வயது 10. ஒரு தந்தையும் மகனும், சகோதரர்களும், சகோதரிகளும் அப்பட்டியலில் உள்ளனர்.

அன்று மாலையே நினைவுக்கும் ஆவணத்திற்குமான மோதல் தொடங்கிவிட்டது. ரசிகர்களே கதவை உடைத்து நுழைந்தனர் என்று காவல்துறையின் பொறுப்பதிகாரி பொய் கூறினார். இறந்தோர் அனைவரின் ரத்தத்திலும், குழந்தைகள் உட்பட, மதுவின் அளவு சோதிக்கப்பட்டது. பிள்ளையின் உடலை அடையாளம் காட்ட வந்த பெற்றோரிடம் வழியில் என்ன குடித்தீர்கள் என்று கேட்கப்பட்டது. எப்போது புறப்பட்டோம், எங்கே நின்றோம், என்ன சாப்பிட்டோம் என்ற, எந்தக் குடும்பமும் சாதாரணமாக நினைவுகூரும் பயண விவரங்கள் குற்றமின்மையை மெய்ப்பிக்கும் வாக்குமூலங்களாயின. காவல் கட்டுப்பாட்டின் தோல்வியே முதன்மைக் காரணம் என்று நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை அதே ஆண்டில் கூறியபோதும், 1991இல் மரண விசாரணை இவற்றை விபத்து மரணங்கள் என்றே முடித்தது.

2012இல் வெளியான சுயாதீனக் குழுவின் அறிக்கை, காவலர்களின் 164 வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டதையும், அவற்றுள் 116இல் காவல்துறைக்குப் பாதகமான கருத்துகள் நீக்கப்பட்டதையும் வெளிக்கொணர்ந்தது. 2014இல் தொடங்கிய புதிய விசாரணையில், இறந்த ஒவ்வொருவரைப் பற்றியும் குடும்பத்தினர் நினைவுச் சித்திரமொன்றை வழங்க நீதிமன்றம் இடமளித்தது. 2016 ஏப்ரல் 26 அன்று நடுவர் குழு, இம்மரணங்கள் சட்டவிரோதமாக விளைவிக்கப்பட்டவை என்றும், ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமன்று என்றும் தீர்ப்பளித்தது.

இங்கு வாய்மொழி வரலாற்றின் ஒரு செவ்வியல் விவாதத்தை நினைவுகூரலாம். இத்தாலியின் டெர்னி நகரில் 1949இல் நிகழ்ந்த ஒரு தொழிலாளியின் மரணத்தைப் பலர் 1953இல் நிகழ்ந்ததாக நினைவுகூர்ந்ததை அலெசாண்ட்ரோ போர்ட்டெல்லி ஆராய்ந்தார். நினைவின் பிழைக்கும் பொருளுண்டு என்பது அவர் காட்டிய வழி. ஹில்ஸ்பரோ இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இங்கே குடும்பங்களின் நினைவு பிழையற்றிருந்தது. அரசின் ஆவணமே திருத்தப்பட்டிருந்தது. ஆவணத்தைக் கொண்டு நினைவைச் சரிபார்ப்பது ஆய்வாளரின் முதல் பாடம் எனில், யார் எழுதிய ஆவணம் என்று கேட்பது அதனினும் முந்தைய பாடம்.

இந்தியக் கால்பந்து வரலாற்றுக்கும் இது பொருந்தும். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை வென்ற ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்திற்குச் சிறப்பு ரயிலிலும் நீராவிப் படகுகளிலும் மக்கள் கல்கத்தாவிற்கு வந்தனர். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தில் 16 ரசிகர்கள் இறந்தனர். அந்நாள் இன்றும் ரத்ததான முகாம்களுடன் நினைவுகூரப்படுகிறது. வெற்றிக்கும் கோப்பைக்கும் ஆவணங்கள் பல உண்டு. ஆட்டத்திற்குச் சென்ற குடும்பம் எந்த வழியில் வந்தது, எங்கே நின்றது, எப்படித் திரும்பியது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அக்குடும்பத்தினர் மட்டுமே. அவர்கள் வாழும் காலத்திலேயே அந்நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது விளையாட்டு வரலாற்றாய்வின் கடமை.