இருபத்தைந்து சென்ட் கூலியும் பத்தாயிரம் வேலைகளும்

தொழிலாளரின் கூலிக்குச் சட்டம் ஒரு கீழெல்லை வகுத்தால் வேலைகள் குறையுமா, குறையாதா? பொருளியலில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு இது. குறையும் என்போர் எடுத்துக்காட்டும் நிகழ்வும் உண்டு. குறையாது என்போர் எடுத்துக்காட்டும் நிகழ்வும் உண்டு. இரண்டும் அமெரிக்காவில் நிகழ்ந்தவை. அவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே நம் நோக்கம்.

முதல் நிகழ்வின் களம் டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரம். பீக்கன் என்பது அக்ரூட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொட்டை. 1930களில் அதன் ஓட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிலுக்கு அந்நகரமே தலைமையிடமாக விளங்கியது. வேலை செய்தோரில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த ஏழைகள், அவர்களிலும் மிகுதியானோர் பெண்கள். காற்றோட்டமற்ற கொட்டகைகளில் அமர்ந்து கையாலேயே பருப்பெடுப்பர். வாரம் முழுவதும் உழைத்தாலும் கிடைத்தது இரண்டு மூன்று டாலர். 1940இல் வெளியான அரசு ஆய்வொன்று, இக்குடும்பங்களின் சராசரி ஆண்டு வருமானம் 251 டாலர் என்று கணக்கிட்டது. காசநோயால் இறப்போர் விகிதம் அந்நகரில் நாட்டுச் சராசரியைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது.

இங்கே வாசகர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கொட்டை உடைக்கும் இயந்திரம் அப்போதே இருந்தது. பிற நகரங்களில் ஓடிக்கொண்டுமிருந்தது. 1926இல் ஜூலியஸ் செலிக்மன் தொடங்கிய சதர்ன் பீக்கன் நிறுவனமோ இயந்திரத்தை விலக்கிவிட்டு மனிதக் கைகளுக்குத் திரும்பியது. காரணம் எளிது. இயந்திரத்தைவிட மனிதர் மலிவாகக் கிடைத்தனர்.

1938 ஜனவரி 31 அன்று, ஏற்கெனவே குறைவான கூலி மேலும் குறைக்கப்பட்டது. பவுண்டுக்கு ஆறு, ஏழு சென்ட் என்றிருந்தது ஐந்து, ஆறு ஆயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு வெளியேறினர். போராட்டத்தின் குரலாக எழுந்தவர் எம்மா டெனாயுகா. அப்போது அவருக்கு வயது 21. காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது, நூற்றுக்கணக்கானோரைச் சிறையிலடைத்தது. 37 நாட்களுக்குப் பின் வழக்கு நடுவர் முன் சென்றது. ஏழு, எட்டு சென்ட் என்ற கூலி கிடைத்தது. தொழிலாளர் வென்றனர்.

அவ்வெற்றியின் ஈரம் உலர்வதற்குள் வந்தது நியாயத் தொழில் தரச் சட்டம். அதிபர் ரூசவெல்ட் 1938 ஜூன் 25 அன்று கையொப்பமிட்ட அச்சட்டம் அக்டோபர் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 25 சென்ட் கூலி. வாரத்துக்கு 44 மணி நேர வேலை. கணக்கிட்டால் வாரத்துக்கு 11 டாலர். இரண்டு மூன்று டாலர் பெற்றவர்க்கு இது நான்கைந்து மடங்கு உயர்வு. நிறுவனம் விலக்குக் கோரிற்று, கிடைக்கவில்லை. விலக்கப்பட்ட இயந்திரங்கள் திரும்பி வந்தன. அடுத்த மூன்றாண்டுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன.

சட்டத்தை எதிர்ப்போர்க்கு இதைவிட வலிய சான்று வேண்டுவதில்லை. கோட்பாடும் அவர்கள் பக்கமே நின்றது. பண்டத்தின் விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். உழைப்பும் அத்தகைய பண்டமே என்றனர். 1946இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதிய கட்டுரை இக்கருத்தைப் பாடநூல்களில் நிலைநிறுத்திற்று.

அரைநூற்றாண்டு கழித்து இரண்டாம் நிகழ்வு. 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் கூலியின் கீழெல்லையை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அடுத்திருந்த பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்னும் இரு பொருளியலாளர் எல்லையின் இருபுறமும் 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்குத் தடயமில்லை. உணவின் விலைதான் சற்று ஏறியிருந்தது. 1994இல் வெளிவந்த இம்முடிவைப் பலர் ஏற்க மறுத்தனர். நியூமார்க், வாஷர் என்போர் 2000இல் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு மறுத்தெழுத, அவ்விருவரும் அரசுத் தரவுகளைக் கொண்டு மறுமொழி தந்தனர். க்ரூகர் 2019இல் மறைந்தார். கார்டு 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்விரண்டில் எது உண்மை? இரண்டுமே உண்மை என்பதுதான் விடை. நியூ ஜெர்சியில் உயர்வு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு; சான் அன்டோனியோவில் பன்மடங்கு. உணவகத்தில் ஆளுக்கு மாற்றாக அன்று இயந்திரம் ஆயத்தமாக இல்லை. பீக்கன் கொட்டகையில் அது முன்னரே அறியப்பட்டிருந்தது. அன்றியும், சந்தையில் முதலாளியின் கை ஓங்கியிருக்குமிடத்தில், உழைப்பின் மதிப்பைக் காட்டிலும் குறைந்த கூலியே நிலவும் என்பதை ஜோன் ராபின்சன் 1933இலேயே விளக்கியிருந்தார். அத்தகைய இடத்தில் கூலி ஓரளவு உயர்ந்தால் வேலை குறையவேண்டிய கட்டாயமில்லை. உயர்வு முதலாளியின் ஆதாயத்திலிருந்தோ, வாங்குவோரின் பையிலிருந்தோ வரக்கூடும்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1938ஆம் ஆண்டுச் சட்டம் உழவுத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் தன் நிழலில் சேர்க்கவில்லை. கறுப்பின மக்கள் மிகுதியாக உழைத்த துறைகள் அவை. 1966இல் நிறைவேறிய திருத்தம் உழவு, உணவகம், மருத்துவ இல்லம் முதலிய துறைகளுக்குச் சட்டத்தை விரித்தது. அது நடைமுறைக்கு வந்தது 1967இல். எல்லோரா டெரனோன்கோர்ட், கிளேர் மாண்டியாலூ இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, அக்காலத்தில் கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் இடையிலான வருமான இடைவெளி சுருங்கியதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இவ்விரிவாக்கத்தால் விளைந்தது. குறிப்பிடத்தக்க வேலையிழப்பு அவர்கள் கண்ணில் படவில்லை.

எனவே கூலியுயர்வு நன்றா தீதா என்று பொதுவாகக் கேட்பது பயனற்றது. எவ்வளவு உயர்வு, எத்தொழிலில், எவ்வளவு விரைவில், மாற்றாக எது காத்திருக்கிறது என்று கேட்பதே முறை. பீக்கன் தொழிலாளர் இழந்த வேலை, வயிறு நிறையாத வேலைதான். அதற்காக அவர்களுடைய இழப்பு இழப்பாகாமல் போகாது. அதே வேளையில், மனிதர் இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைத்ததால் மட்டுமே நிலைத்திருந்த தொழிலைக் காட்டி, கூலியே உயரக்கூடாது என்பதும் அறமாகாது. கூலியை உயர்த்திய சட்டம், வேலையிழந்து வெளியேறுவோர் எங்கே செல்வர் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சான் அன்டோனியோவின் வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது அந்த மௌனத்தைத்தான்.